அடுக்கிய ஒலியும் சொல்லின் இடமும்

இந்நாளில் வெளிவரும் திரைப்பாடல் ஒன்றைக் கேட்கின்றோம். பல்லவி தொடங்குமுன் ஓங்கிய முழவடி ஒன்று விழுகின்றது. ஒரு கோல் ஒரு தோலின்மீது விழுந்த ஓசை அது என்றே நம் செவி கொள்ளுகின்றது. ஆராய்ந்து பார்ப்பின், அந்த ஓர் அடிக்குள் மூன்று நான்கு ஓசைகள் அடங்கியிருக்கக் காண்போம். கோல் தோலைத் தொடும் 'டக்' என்னும் ஓசை ஒன்று. நெஞ்சில் அதிரும் தாழ்ந்த முழக்கம் ஒன்று. இவற்றோடு மின்கருவியில் பிறந்த நீண்ட நாதம் ஒன்று. பெரிய மண்டபத்தின் எதிரொலி போன்ற வால் ஒன்று. இவை வெவ்வேறு நாளில், வெவ்வேறு ஊரில் பிறந்தவையாகவும் இருத்தல் கூடும். இசையமைப்பாளர் அவற்றைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒரே அடியாக ஒலிக்கச் செய்கின்றார். ஒலிப்பதிவுக் கூடங்களில் இத்தொழிலுக்கு 'லேயரிங்' என்று பெயர். ஒலியடுக்கு என்று நாம் தமிழில் சொல்லலாம்.

இக்கலை இன்று பெருங்கூடங்களுக்கு மட்டும் உரியதன்று. மும்பை மாட்டுங்காவிலும், தில்லி கரோல்பாகிலும், பெங்களூரு அல்சூரிலும், வாடகை அறையில் ஒரு மடிக்கணினியையும் ஒரு ஹெட்ஃபோனையும் வைத்துக்கொண்டு இளைஞர்கள் பாட்டுக் கட்ட முடிகின்றது. ஆகவே இதன் இயல்பை ஓரளவு அறிந்துகொள்வது, பாட்டுக் கட்டுவோருக்கும் கேட்போருக்கும் பயன் தரும். நம்முன் இரண்டு வினாக்கள் உள்ளன. ஓசையின்மேல் ஓசையை வைத்தால் சில வேளை வளமும், சில வேளை குழப்பமும் பிறப்பது ஏன்? அவ்வாறு குழம்பிய பாட்டில் முதலில் மறைந்துபோவது சொல்லாக இருப்பது ஏன்? இரண்டாவது வினா, தாயகத்தை விட்டு வெளியே வாழும் நம்மை நேராகத் தொடுவது. பிறமொழி வழங்கும் ஊரில் வளரும் நம் பிள்ளைகளுக்கு, பெற்றோரின் பேச்சை அடுத்துத் தமிழ் காதில் விழும் வழி பெரும்பாலும் பாட்டுத்தான். பாட்டில் சொல் மங்கினால் அவ்வழியும் குறுகிவிடும்.

ஒலியடுக்கு என்பது புதுமையான சொல்லாகத் தோன்றினாலும், பொருள் நமக்குப் புதிதன்று. மிருதங்கத்தைப் பாருங்கள். வலந்தலையின் நடுவே கரிய கரணை படிந்துள்ளது. இடந்தலையில், கச்சேரிக்கு முன் ரவையைப் பிசைந்து ஒட்டுகின்றனர். வலந்தலை சுருதியோடு இசைந்து கணீரென்று ஒலிக்கின்றது. இடந்தலை தாழ்ந்து முழங்குகின்றது. இரு கைகளும் ஒரே கணத்தில் விழும்போது நாம் இரண்டு ஓசைகளைத் தனித்தனியே எண்ணுவதில்லை. நிறைந்த ஒற்றை அடியாகவே கேட்கின்றோம். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டும் தத்தம் இடத்தில் நின்றன. ஒரே நேரத்தில் தொடங்கின. அதனால்தான் அவை ஒன்றாயின. ஒலியடுக்கின் முதல் விதி இதுவே.

கரணையின் மறைபொருளை விஞ்ஞான முறையில் விளக்கியவர், நம்மைப் போலவே பிழைப்பின் பொருட்டு வேற்றூர் சென்ற ஒரு தமிழர். திருச்சிராப்பள்ளியில் 1888-இல் பிறந்த சி. வி. இராமன், 1907-இல் அரசாங்க நிதித்துறை அலுவலராகக் கல்கத்தா சென்றார். அலுவலக நேரம் போக எஞ்சிய பொழுதில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக் கூடத்தில் உழைத்தார். வீணையும் தம்பூராவும் முழவுகளும் அவருடைய ஆராய்ச்சிப் பொருள்களாயின. 1920-இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து அவர் 'நேச்சர்' இதழில் ஒரு குறிப்பு வெளியிட்டார். அதன் சாரம் யாதெனில், சாதாரணத் தோல் ஒன்றைத் தட்டினால் அடிப்படைச் சுரத்தோடு எழும் மேற்சுரங்கள் முழு எண் விகிதத்தில் அமைவதில்லை. 1, 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கின்றிச் சிதறி நிற்கின்றன. அதனால் அத்தோலில் ஓசை உண்டு; சுருதி இல்லை. நடுவே கரணையின் பாரம் ஏறியதும் மேற்சுரங்கள் 1, 2, 3 என்னும் சீரான விகிதத்தை நெருங்குகின்றன. அப்போது முழவு சுருதி சேர்கின்றது.

இதிலிருந்து நாம் அறிவது ஒன்று. ஓர் ஓசை என்று நாம் சொல்வது எப்போதும் பல ஓசைகளின் கூட்டமே. அக்கூட்டத்தின் உறுப்புகள் ஒன்றோடொன்று இசைந்தால் நாதம், இசையாவிடில் இரைச்சல். இயற்கையும் கைவினைஞனும் தோலில் செய்த இவ்வேலையை, மின்கருவி கம்பிச் சுற்றுகளில் செய்கின்றது.

மின்கருவியின் கதையைச் சுருக்கமாகக் காண்போம். அமெரிக்கரான இராபர்ட் மூக் 1964-இல் தம் சிந்தசைசரை உருவாக்கினார். அத்தகைய மூக் கருவி ஒன்று 1969-இல் அகமதாபாதிலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்திற்கு வந்தது. அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் அதனை அங்கே அமைத்துக் கொடுத்தார். அக்கூடத்தில் பதிவான நாடாக்கள் பல்லாண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்து, 2023-இல் தொகுப்பாக வெளிவந்தன.

இக்கருவியின் உறுப்புகளுள் முதன்மையானவை மூன்று. முதலாவது ஆசிலேட்டர், இது மின்னலையை எழுப்புகின்றது. இரண்டாவது ஃபில்டர், மேற்சுரங்களில் வேண்டாதவற்றைக் கழித்து, வேண்டியவற்றை விடுகின்றது. மூன்றாவது என்வலப், ஓசை எவ்வளவு விரைவில் எழ வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எவ்வாறு அடங்க வேண்டும் என்பதை வகுக்கின்றது. எழுப்புதல், கழித்தல், காலம் வகுத்தல் என்னும் இம்மூன்று செயல்களையும் மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னால் கூறப்போகும் யாவும் எளிதில் விளங்கும்.

ஒரே சுரத்தில் இரண்டு ஆசிலேட்டர்களை ஒலிக்கச் செய்வோம். ஒன்று வினாடிக்கு 440 அதிர்வுகளும், மற்றது 442 அதிர்வுகளும் கொண்டவை என்று கொள்வோம். இரண்டின் வேறுபாடாகிய 2 என்னும் எண்ணிக்கையில், வினாடிக்கு இரு முறை ஓசை எழுந்து தாழும். இரண்டு தம்பூராக்களில் சுருதி மயிரிழை விலகினால் கேட்கும் அலைவு இதுவேயாகும். கச்சேரியில் அதனைக் குற்றமென்று கருதித் தந்தியைத் திருத்துகின்றோம். சிந்தசைசரிலோ அவ்விலக்கத்தையே வேண்டிப் பெறுகின்றனர். பலர் சேர்ந்து பாடும்போது எழும் விரிவு அதனால் கிடைக்கின்றது. எனினும் தாழ்ந்த சுரங்களில் இவ்வுபாயம் கேடு செய்யும். வினாடிக்கு 50 அதிர்வுகள் கொண்ட முழக்கத்தில் எழுச்சியும் தாழ்ச்சியும் புகுந்தால், ஓர் அடி உரத்தும் அடுத்த அடி மெலிந்தும் கேட்கும். தாளத்தின் உறுதி குலையும்.

இனித் தாளக் கருவிக்கு வருவோம். ஜப்பானிய நிறுவனமாகிய ரோலண்ட் 1980-இல் டி.ஆர்.-808 என்னும் டிரம் மெஷினை வெளியிட்டது. 1983 வரை சுமார் 12,000 கருவிகள் செய்யப்பட்டன. அதனுள் பதிவு செய்த முழவோசை எதுவும் இல்லை, மின்சுற்றுகளே உண்டு. அதன் கிக் என்னும் பெருமுரசு, விரைவில் அடங்கும் தாழ்ந்த ஒற்றை அலை. தொடக்கத்தில் மட்டும் ஒரு சிறு துடிப்பு. அதன் ஸ்னேர், இரண்டு சுர ஒலிகளும், அவற்றின்மேல் மணலைச் சொரிந்தாற்போன்ற இரைச்சலும் சேர்ந்தது. சுரங்கள் தோலுக்குப் பதில். இரைச்சல் தோலின் அடியிலுள்ள கம்பிச் சுருளுக்குப் பதில். ஹை-ஹாட் என்னும் தாளத் தட்டின் ஓசைக்கு, ஒன்றோடொன்று இசையாத ஆறு ஆசிலேட்டர்களைச் சேர்த்து, கீழ்ப்பகுதியைக் கழித்துவிட்டனர். கைதட்டலுக்கு, இரைச்சலை மிக விரைவாகச் சில முறை வெட்டி, ஒரு வாலை ஒட்டினர். ஆக, அக்கருவியின் ஒவ்வொரு ஓசையும் உள்ளுக்குள் ஓர் அடுக்கே.

இக்கருவியை நம் நாட்டில் துணிந்து கையாண்டவருள் ஒருவர் மும்பை இந்தித் திரையுலகில் வாத்தியக் கலைஞராக விளங்கிய சரண்ஜித் சிங். 1982-இல் அவர் பத்து இந்துஸ்தானி இராகங்களை மின்கருவிகளில் அமைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். பைரவ், பூபாலி, யமன், மால்கௌன்ஸ் முதலியவை அதில் இடம்பெற்றன. பூபாலி நம் மோகனம். யமன் நம் கல்யாணி. மால்கௌன்ஸ் நம் இந்தோளம் என்று அறிந்தால் அத்தட்டு நமக்கு அயலாகத் தோன்றாது. அந்நாளில் அதனை வாங்கியவர் சிலரே. 1987-இல் சிகாகோ நகரில் தோன்றிப் புகழ்பெற்ற நடன இசையின் சாயல் அதில் முன்னரே இருப்பதைப் பிற்காலத்தார் கண்டு வியந்தனர். 2010-இல் தட்டு மறுபடியும் வெளிவந்தது. சரண்ஜித் சிங் 2015-இல் மறைந்தார்.

நாம் இங்கு நோக்க வேண்டியது, அத்தட்டில் அடுக்குகள் அமைந்துள்ள முறையை. முதன்மையான கருவிகள் மூன்று. டி.ஆர்.-808 தாளத்தைத் தாங்குகின்றது. டி.பி.-303 என்னும் சிறு கருவி, ஒரே ஆசிலேட்டரைக் கொண்டு, கீழ்த்தாயியில் ஓடிக்கொண்டேயிருக்கும் தொடரை வாசிக்கின்றது. ஜூபிடர்-8 என்னும் பெரிய சிந்தசைசர் மேலே இராகத்தின் வடிவைக் காட்டுகின்றது. தாளம் ஒன்று, அடிநாதம் ஒன்று, இராகம் ஒன்று. ஒருவர் இடத்தில் மற்றவர் நுழைவதில்லை. ஆதலால் எத்தனை வேகத்தில் சென்றாலும் சுரங்கள் தெளிவாகக் கேட்கின்றன. மிருதங்கத்தின் இரு தலைகளில் கண்ட அதே விதி இங்கும் நிற்கக் காண்கின்றோம்.

அக்கலைஞரிடம் இருந்த கருவிகள் எண்ணத் தக்கவை. கருவி குறைவாயிருந்தபோது ஒழுங்கு தானே வந்தது. 1989-இல் ஏ. ஆர். ரகுமான் சென்னையில் தம் வீட்டுப் பின்புறத்தில் பதிவுக்கூடம் அமைத்தார். 1992-இல் 'ரோஜா' வெளிவந்தபின், மின்னணு ஓசையும் மரபுக் கருவியும் நெருங்கிப் பின்னிய இசை தமிழ்த் திரையில் பெருவழக்காயிற்று. இன்றைய கணினியிலோ அடுக்குகளுக்கு ஏறக்குறைய எல்லையே இல்லை. நூறு தடங்களைத் திறந்து வைத்தாலும் செலவு கூடுவதில்லை. தடுப்பார் இல்லாத இடத்தில் தன்னைத் தானே தடுத்துக்கொள்ளும் அறிவு வேண்டும். அவ்வறிவு எதுவென்று இனிப் பார்ப்போம்.

ஒரு முழவடியைக் கட்டுவோர் அதனை மூன்று பகுதியாகப் பிரித்து எண்ணுதல் நலம்: தொடக்கம், உடல், வால். தொடக்கம் சில மில்லி வினாடிகளே நிற்பது. வினாடிக்கு 2,000 முதல் 5,000 அதிர்வுகள் உள்ள பகுதியில் இதன் கூர்மை அமையும். அடி விழுந்தது என்று செவிக்கு அறிவிப்பது இதுவே. உடல், கிக்கில் வினாடிக்கு 50 அல்லது 60 அதிர்வுகளை ஒட்டி நிற்பது. கனம் தருவது இது. வால், அடி எத்தகைய இடத்தில் விழுந்தது என்று உணர்த்துவது. தொடக்கத்திற்கு மரக்கட்டையில் தட்டிய ஓசையை எடுக்கலாம். உடலுக்குச் சிந்தசைசரின் தாழ்ந்த அலையை எடுக்கலாம். வாலுக்கு ஒரு கூடத்தின் எதிரொலியை எடுக்கலாம். எடுத்தபின் ஒவ்வொன்றிலும் அதற்கு உரியதல்லாததைக் கழித்துவிட வேண்டும். கட்டையோசையின் கீழ்ப்பகுதியைக் களைக. தாழ்ந்த அலையில் இரைச்சல் இருப்பின் மேற்பகுதியைக் களைக. எதிரொலியின் முழக்கத்தைக் களைக. கூட்டுவதைவிடக் கழிப்பதே இதில் பெரிய வேலை.

ஸ்னேரோடு சிந்தசைசரைச் சேர்ப்பதும் இவ்வாறே. ஸ்னேர் விழும் கணத்தில், பாட்டின் ஆதார சுருதியில் ஒரு சிறு சிந்தசைசர் நாதத்தை அதே கணத்தில் எழுப்பி, பத்தில் ஒரு பங்கு வினாடிக்குள் அடக்கிவிட்டால், அதனைத் தனி நாதமாக ஒருவரும் கேட்கமாட்டார். 'இம்முழவு சுருதி சேர்ந்திருக்கின்றது' என்று மட்டும் உணர்வர். கரணை செய்த வேலையை என்வலப் செய்கின்றது. அந்நாதம் நீண்டு நின்றுவிட்டால் அடி வேறு, நாதம் வேறு என்று பிரிந்துவிடும்.

இனி, அடுக்கு ஏன் கெடுகின்றது என்பதைக் காண்போம். காரணங்கள் மூன்று.

முதலாவது காலப் பிழை. ஒலி என்பது அலை. மேடும் பள்ளமும் மாறி மாறி வருவது. வினாடிக்கு 50 அதிர்வுகள் கொண்ட அலைக்கு ஒரு முழுச் சுற்று முடிய 20 மில்லி வினாடிகள் ஆகும். அதே அலையை இரண்டாம் முறை 10 மில்லி வினாடி தாமதித்து வைத்தால், முதல் அலையின் மேட்டின்மேல் இரண்டாவதன் பள்ளம் வந்து விழும். இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். கனம் கூட வேண்டுமென்று மற்றொரு கிக்கைச் சேர்த்தவர், இருந்த கனமும் போயிற்றே என்று திகைப்பது இதனால்தான். இரண்டையும் சரியாக ஒரே கணத்தில் தொடங்கச் செய்வதோ, ஒன்றின் மேடு பள்ளங்களைத் தலைகீழாக்கிப் பார்ப்பதோ, கீழ்ப்பகுதியை ஒருவரிடமே விட்டுவிடுவதோ இதற்கு மருந்து. மூன்றாவது மருந்தே எளிது, தவறாதது.

இரண்டாவது மறைப்பு. ஒரே பகுதியில் ஒலிக்கும் இரண்டு ஓசைகளில் உரத்தது மெலிந்ததை மூடிவிடும். கருவி அதனை ஒலிக்காமல் விட்டதன்று. செவியே அதனைப் பிரித்தறிய இயலாமற் போகின்றது. மேலும், தாழ்ந்த ஓசை உரக்க ஒலித்தால் அதற்கு மேலுள்ள ஓசைகளையும் மறைக்கும். உயர்ந்த ஓசை தாழ்ந்ததை அவ்வளவாக மறைப்பதில்லை. ஆகவே அடித்தளத்தில் தேவைக்கு மேல் முழக்கத்தை ஏற்றினால், மாடிகள் எல்லாம் இருளும்.

மூன்றாவது அளவு. ஒரே ஓசையை இருமுறை வைத்து ஒத்து ஒலிக்கச் செய்தால் அளவு 6 டெசிபல் உயரும். தொடர்பற்ற இரண்டு சம ஓசைகளைச் சேர்த்தால் 3 டெசிபல் உயரும். பதிவுக்கு ஒரு மேல் எல்லை உண்டு. அதனைத் தாண்டினால் அலையின் தலை வெட்டுப்படும். ஆகவே அடுக்கு ஏற ஏற எல்லாவற்றையும் சேர்த்து அமுக்க வேண்டியதாகின்றது. அமுக்கிய இசையில் ஓங்குதலும் இல்லை, அடங்குதலும் இல்லை. செவி விரைவில் அலுத்துவிடுகின்றது.

இவற்றுக்கு வானொலி நிலையங்களில் நெடுநாளாக வழங்கும் ஒரு முறை உதவிக்கு வருகின்றது. அறிவிப்பாளர் பேசத் தொடங்கியதும் பின்னணி இசை தணிகின்றது. பேச்சு முடிந்ததும் மீண்டும் எழுகின்றது. கைப்பிடியை இறக்கி ஏற்றிச் செய்த இவ்வேலையைக் கம்ப்ரஸர் என்னும் கருவி தானாகவும் செய்யும். நடன இசையில் கிக் விழும் ஒவ்வொரு முறையும் அடிநாதத்தைச் சிறிதளவு தணித்து, உடனே எழவிடுகின்றனர். இரண்டும் ஒரே பகுதியில் வாழ வேண்டியவை. ஆதலால் காலத்தைப் பங்கிட்டுக் கொள்ளுகின்றன. இடத்தால் பிரிக்க முடியாதவற்றைக் காலத்தால் பிரிக்கலாம் என்பதே இதன் உட்பொருள்.

மற்றொரு செய்தியும் அறியத்தக்கது. கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியால் 50 அதிர்வுகள் கொண்ட முழக்கத்தை எழுப்ப முடியாது. ஆனால் 100, 150, 200 என்னும் மேற்சுரங்கள் ஒழுங்காக இருந்தால், நம் செவி அவற்றைக் கொண்டு இல்லாத 50-ஐத் தானே ஊகித்துக்கொள்ளும். ஒலிபெருக்கி மிகச் சிறியதாயின், அவ்வரிசையில் இன்னும் மேலே உள்ளவை கேட்டாலும் போதும். ஆகவே சிறு கருவியிலும் கனம் கேட்க வேண்டுமாயின், முழக்கத்தை மேலும் மேலும் ஏற்றிப் பயனில்லை. அதற்கு இசைந்த மேற்சுரங்களைச் சிறிதளவு சேர்க்க வேண்டும். அவ்வாறு சேர்ப்பதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. அம்மேற்சுரங்கள் ஏறிச் செல்லும் பகுதியில் ஏற்கெனவே ஒருவர் குடியிருக்கின்றார். அவர்தாம் பாடகர்.

சொல்லின் இடத்தை இப்போது ஆராய்வோம். தொலைபேசி நெடுங்காலம் வினாடிக்கு 300 முதல் 3,400 அதிர்வுகள் வரையுள்ள பகுதியையே கொண்டு சென்றது. அவ்வளவு குறுகிய பாதையிலும் பேச்சு விளங்கியது. எனவே சொல்லின் உயிர் பெரும்பாலும் அப்பகுதியில் உள்ளது என்று அறியலாம். உயிரெழுத்துகள் வலிமை மிக்கவை; நீண்டு நிற்பவை; எளிதில் மறையா. மெய்யெழுத்துகளோ மெலிந்தவை, கணத்தில் மறைபவை. ட, த, ற முதலியவற்றின் வெடிப்பு ஒரு சிறு துடிப்பே. சகரம் உரசி ஒலிக்கும்போது அதன் பெரும்பகுதி 4,000 அதிர்வுகளுக்கு மேல் நிற்கின்றது. ல, ள, ழ ஆகிய மூன்றையும் பிரித்துக் காட்டும் குறிப்புகள் பெரும்பாலும் 1,500 முதல் 3,000 வரையிலான பகுதியில் உள்ளன. வலி, வளி, வழி என்னும் மூன்று சொற்களும் வேறுபடுவது இந்த நூலிழை வேறுபாட்டால்தான்.

இப்போது முழவடியின் கூர்மையான தொடக்கத்தையும், ஸ்னேரின் இரைச்சலையும், ஹை-ஹாட்டின் சீறலையும், விரிந்து நிற்கும் சிந்தசைசரின் மேற்சுரங்களையும் எண்ணிப் பாருங்கள். இவை யாவும் மெய்யெழுத்து வாழும் பகுதியையும் அதன் அண்டையையுமே நாடி வருகின்றன. ஒவ்வொன்றும் சிறிது சிறிதாக மூடுகின்றது. உயிரெழுத்து மட்டும் மேலே மிதக்கின்றது. பாடுவது கேட்கின்றது, பாடியது என்னவென்று தெரிவதில்லை. தமிழ் நன்கறிந்தவர் விடுபட்ட எழுத்தை நினைவால் நிரப்பிக்கொள்வார். மொழியைக் கேட்டே பழக வேண்டிய பிள்ளைக்கு நிரப்ப நினைவு ஏது? கேட்டதையே அது கற்றுக்கொள்ளும். ழகரம் பிள்ளைகளின் நாவில் தேய்வதற்குப் பாட்டு ஒன்றே காரணம் என்று சொல்லுதல் பொருந்தாது. எனினும், அதனைக் கேட்டு அறிய வேண்டிய இடத்தில் கேட்க முடியாமற் செய்வது நம் கையால் நாம் செய்யும் இழப்பாகும்.

இதற்காகத் தாளத்தையோ சிந்தசைசரையோ ஒதுக்க வேண்டுவதில்லை. சொல்லையும் ஓர் அடுக்காக எண்ணி, அதன் இடத்தை முதலில் வகுத்துவிட வேண்டும். பாடல் உள்ள இடத்தில் சிந்தசைசரின் 2,000 முதல் 4,000 வரையிலான பகுதியைச் சிறிது தணிக்கலாம். ஹை-ஹாட்டைச் சற்று மெலிதாக்கலாம். குரல் எழும்போது மட்டும் பின்னணி நாதம் தணியுமாறு, முற்கூறிய வானொலி முறையைக் கையாளலாம். குரல் ஓய்ந்த இடையிசையில் அடுக்குகளை முழுமையாகத் திறந்துவிடலாம். அப்போது அவற்றின் எழுச்சியும் இரட்டிப்பாகத் தோன்றும்.

பாட்டுக் கட்டும் இளைஞர்களுக்குச் சில சோதனைகளைச் சொல்லி முடிக்கலாம். முதலாவது, அடுக்குகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். ஒன்றை நிறுத்தியதும் இசை குறைந்தால் அது வேலை செய்கின்றது; வேறுபாடு தெரியாவிட்டால் அதனை நீக்கிவிடலாம்; நிறுத்தியதும் தெளிவு கூடினால் அது இருந்ததே பிழை. இரண்டாவது, இடம் வலம் என்னும் இரண்டு தடங்களையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே ஒலிபெருக்கியில் கேளுங்கள். ஒன்றையொன்று அழிக்கும் அடுக்குகள் அப்போது தாமே வெளிப்படும்.

மூன்றாவது, தாழ்ந்த அளவில் கேளுங்கள். ஓசை தணியும்போது நம் செவி தாழ்ந்த சுரங்களை மற்றவற்றைவிட மிகுதியாக இழக்கின்றது என்பதை பெல் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த ஃபிளெச்சரும் மன்சனும் 1933-இல் அளந்து காட்டினர். ஆகவே மிக உரக்க வைத்துக் கட்டியவருடைய மதிப்பீடு, பிறர் வீட்டில் மெல்லக் கேட்கும்போது பொருந்தாமற் போகும். தாழ்ந்த அளவில் கேட்பது செவிக்கும் காப்பு. வளர்ந்தோர்க்கு 80 டெசிபல் அளவில் வாரத்திற்கு 40 மணி நேரம், குழந்தைகளுக்கு 75 டெசிபல் அளவில் அதே நேரம் என்று உலகச் சுகாதார நிறுவனம் எல்லை வகுத்துள்ளது. அளவு 3 டெசிபல் உயர்ந்தால், அனுமதித்த நேரம் பாதியாகும். ஹெட்ஃபோனைக் கழற்றாமல் இரவெல்லாம் உழைப்போர் இதனை மறத்தலாகாது. ஓய்ந்துபோன செவியைக் கொண்டு நல்ல அடுக்கைக் கட்ட எவராலும் இயலாது.

நான்காவது சோதனை எல்லாவற்றினும் எளிது, எல்லாவற்றினும் கடுமையானது. அப்பாட்டை முன்பு கேளாத பிள்ளை ஒன்றை, தமிழ் எழுதத் தெரிந்த பிள்ளையாகப் பார்த்து, அருகில் அமர்த்துங்கள். கையில் ஒரு தாளையும் எழுதுகோலையும் கொடுங்கள். பாட்டை ஒருமுறை ஒலிக்கவிட்டு, காதில் விழுந்த சொற்களை எழுதச் சொல்லுங்கள். 'வழி' என்று நீங்கள் பாடியதை அப்பிள்ளை 'வழி' என்றே எழுதினால், உங்கள் அடுக்குகள் தத்தம் இடத்தில் நிற்கின்றன என்று கொள்ளுங்கள். வேறு எழுத்து வந்தால், பிள்ளையைத் திருத்துமுன் ஹை-ஹாட்டைச் சிறிது தணித்து, மறுபடியும் ஒருமுறை கேட்கச் செய்யுங்கள்.